தம்பிக்காக இருபத்தேழு கிலோ

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் வேன் வாசலில் வந்து நிற்கும். சோசாயா கக்கத்தில் போர்வையைச் செருகிக்கொண்டு, படியில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு ஏறிப் போவான். வேன் சத்தம் தெருமுனையில் அடங்குகிற வரைக்கும் அவனுடைய அக்கா தெலேசியா கராஜை விட்டு வெளியே வரமாட்டாள். கராஜ்தான் அவள் படுக்கிற இடம். சத்தம் அடங்கியதும் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வருவாள். முன்னறையின் திரைகளை இழுத்து மூடுவாள். சமையலறையிலிருந்து கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து அறைக்கு நடுவில் போடுவாள். போட்டுவிட்டு அதில் உட்காருவாள்.

உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டாள்.

எழுந்திருப்பதுதான் பயிற்சியே. கையை ஊன்றாமல் இருபது தடவை நாற்காலியை விட்டு எழுந்து உட்கார வேண்டும். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பதினைந்து தடவை தள்ள வேண்டும். வாசல்படியில் ஏறி இறங்க வேண்டும். கடைசியாகத் தரையில் மல்லாந்து படுத்து, எழுந்து நின்று, மறுபடி படுத்து, பத்துத் தடவை. இத்தனையும் சேர்ந்தது ஒரு சுற்று. அப்படி மூன்று சுற்று. மருத்துவமனை நர்ஸ் கொடுத்த தாளில் படத்தோடு அச்சடித்திருந்தது. படத்திலிருந்த பெண் எலும்பும் தோலுமாக இருந்தாள். இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று தெலேசியா ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வாள்.

தெலேசியாவுக்கு நாற்பத்தாறு வயது. எடை நூற்று முப்பத்தொரு கிலோ. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சலவைத் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்டில் ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிறாள். ஈர விரிப்பு மூட்டையை இரண்டு ஆண்கள் சேர்ந்து நகர்த்துகிற இடத்தில் அவள் தனியாகத் தூக்கி எறிவாள். கல்யாணம் ஆன ஆறாம் வருஷம் கட்டட வேலைக்கென்று சிட்னிக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. மாங்கேரே புறநகரில் குடியேறியிருக்கிற டோங்காத் தீவுக்காரர்கள் அவளைக் குரலை வைத்துத்தான் சொல்வார்கள். சபைப் பாடகர் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரல் வரிசைக்கு அவள்தான் தூண். அவள் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டு காற்றிறங்கிய டயர் மாதிரி இருக்கும் என்று போதகரே சொல்லியிருக்கிறார்.

தம்பிக்கு வந்த சர்க்கரை முதலில் அவன் கால்விரல் இரண்டைக் கொண்டுபோனது. பிறகு சிறுநீரகம் இரண்டையும். ஊசி குத்துவதற்காக இடது கையில் ஆபரேஷன் செய்து தடிக்கவைத்த ரத்தக் குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. வலது கையிலும் அதே கதை. மெஷினோடு இணைக்க உடம்பில் இடம் குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் இரண்டு வருஷம் ஓடினால் பெரிது என்று டாக்டர் மாஃபியிடம் சொன்னார். மாஃபி, சோசாயாவின் மனைவி.

சொந்தக்காரர்கள் ஏழு பேர் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் தெலேசியாவுடையது மட்டும் அச்சாகப் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் அவள் எழுந்து நின்று, "என் தம்பிக்கு என் சிறுநீரகத்தைத் தருகிறேன்" என்றாள். கூடம் முழுக்க அழுதது. அடுத்த வாரம் நர்ஸ் க்ளெனிஸ் அவளை எடைமெஷினில் ஏற்றி இறக்கினாள். அறுபதை நெருங்குகிற வெள்ளைக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"நூத்தி நாலுக்குக் கீழ வரணும். அதுவரைக்கும் எந்த டாக்டரும் உங்க மேல கத்தி வைக்க மாட்டார். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு வீட்ல ரெண்டு நோயாளி."

"இருபத்தேழு கிலோ," என்றாள் தெலேசியா.

"ஆமா. தம்பி மேல உங்களுக்கு அவ்வளவு பாசம் இருக்கே. முடியும்."

பாசம் இருந்தால் முடியும் என்றுதான் தெலேசியாவும் நம்பினாள். முதல் இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. பிப்ரவரியில் தாய்மாமன் ஒருவர் இறந்துபோனார். தாய்மாமன் சாவில் சகோதரி பிள்ளைகளுக்குத்தான் முதல் மரியாதை. பிணத்தின் தலைமாட்டில் தெலேசியாவை உட்காரவைத்தார்கள். பத்து நாள் சடங்கு. மண்ணில் குழி வெட்டி மூட்டுகிற உமு அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் முதல் தட்டு அவளுக்கு வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கிழங்கு இலையில் கட்டி வேகவைத்த லூ, முழுப் பன்றி, கருணைக்கிழங்கு. வேண்டாம் என்று தள்ளினால் செத்தவரை அவமதித்த மாதிரி. அவள் தள்ளவில்லை. மனசுக்குள் ஒரு மூலையில் தள்ள விருப்பமும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். பதினோராம் நாள் மெஷினில் ஏறினால் நூற்று முப்பத்துமூன்று.

அன்றோடு ஏதோ ஒன்று அறுந்துபோனது.

வெளியே போய் நடக்கலாமென்றால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போதாததற்குத் தெரு முழுக்க நாய். வீட்டுக்குள் செய்யலாமென்றால் தம்பி இருக்கிற நேரத்தில் முடியாது. வயது வந்த பிறகு அக்கா இருக்கிற அறைக்குள் தம்பி சட்டென்று நுழையமாட்டான். அவன் காதுபட அக்காவின் உடம்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். டோங்கா வழக்கம் அது; இரண்டு பேரும் அப்படி வளர்ந்தவர்கள். அவன் டயாலிசிஸ் போகிற மூன்று காலைகள்தான் மிச்சம். அந்த மூன்று காலைகளிலும் அவள் பயிற்சி உடையை மாட்டிக்கொண்டு, போனில் பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போனில் ஒருத்தி உற்சாகமாக எண்ணுவாள். தெலேசியா கேட்டுக்கொண்டிருப்பாள். எழு, எழு என்று தன்னையே திட்டிக்கொள்வாள். தொடை அசையாது. வீடியோ முடிந்ததும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, துண்டை நனைத்துக் கொடியில் போடுவாள்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று.

மாஃபி காலை ஆறரை மணிக்கெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். டோங்கா மழலையர் பள்ளியில் அவளுக்கு வேலை. மே மாதம் ஒரு திங்கட்கிழமை பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் படி ஏறும்போதே போன் குரல் கேட்டது. "பதினேழு... பதினெட்டு... அருமை, விடாதீங்க!" மாஃபிக்குக் கண் கலங்கியது. மதினி பயிற்சி செய்யும்போது உள்ளே போய்விடக் கூடாது என்று படியிலேயே நின்றாள். நின்றவள் திரை இடுக்கு வழியாகத் தற்செயலாகப் பார்த்துவிட்டாள்.

தெலேசியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் வெண்ணெய் தடித்துப் பூசிய ரொட்டி. அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாள். போனில் அந்தப் பெண் இருபது எண்ணி முடித்துக் கைதட்டினாள்.

புருஷனின் அக்காவுக்கு எதிரே குரல் உயர்த்துவது மாஃபி பிறந்து வளர்ந்த வீட்டில் கேள்விப்படாத விஷயம். பதினாலு வருஷமாக அவள் தெலேசியாவிடம் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றாள்.

"மதினி. எத்தனை நாளா இப்படி?"

தெலேசியா ரொட்டியை மடியில் மறைத்தாள்.

"எத்தனை நாளான்னு கேக்குறேன்!"

"சாவு முடிஞ்சதுலேருந்து."

"மூணு மாசம்! அந்த மனுஷன்கிட்ட நான் என்ன சொல்லிட்டு இருக்கேன் தெரியுமா? உங்கக்கா உசுரக் குடுத்துச் செய்யுறாங்க, வேர்வை தரையெல்லாம் சொட்டுது, நான்தான் துடைக்கிறேன்னு சொல்லிட்டு இருக்கேன். நான் எதைத் துடைச்சேன்? ரொட்டித் தூளைத் துடைச்சேன்!"

"மாஃபி..."

"சபையில அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு தர்றேன்னு சொன்னீங்கல்ல? அங்க எந்திரிக்க முடிஞ்சுது. வீட்ல எந்திரிக்க முடியல! தர முடியாதுன்னா தர முடியாதுன்னு சொல்லுங்க. நான் என் புள்ளைங்களுக்கு அப்பன் இல்லைன்னு இப்பவே சொல்லிப் பழக்கிக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் யாரிடம் பேசினோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மறுநாள் காலை கராஜ் கதவைத் திறந்தால் மாஃபி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கட்டுகிற கிழிந்த பெரிய பாய் இடுப்பில். தலை முழங்காலில் முட்டியிருந்தது.

"உள்ள வா," என்றாள் தெலேசியா. "அந்தப் பாயைக் கழட்டு. குளிருது, கதவைச் சாத்து."

"நான் சொன்னது தப்பு மதினி."

"என்ன தப்பு? ஒரு வார்த்தை தப்பில்ல." தெலேசியா கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் முனகியது. "அவனுக்காகச் சாகணும்னா இன்னைக்கே சாவேன் மாஃபி. இது வாய் வார்த்தை இல்ல. ஆனா அந்த நாற்காலிய விட்டு எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குது. யாரோ வேற பொம்பளை உடம்புக்குள்ள என்னை வச்சுப் பூட்டின மாதிரி இருக்கு."

மாஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் வந்து திட்டட்டுமா?"

"நேத்து நீ திட்டிட்டுப் போனப்புறம் இன்னும் மூணு ரொட்டி சாப்பிட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு நிலைமை முன்னைவிட மோசமாகத் தெரிந்தது.

"அவரை மெஷின்ல இருக்கும்போது நீங்க பார்த்ததே இல்ல," என்றாள் மாஃபி. "ஒரு தடவை வந்து பாருங்க."

புதன்கிழமை தெலேசியா போனாள். நீளமான அறை, வரிசையாகப் பதினாறு நாற்காலிகள், பாதிக்கு மேல் தெரிந்த முகங்கள். தம்பியின் கழுத்துக்குக் கீழே குழாய் இறங்கியிருந்தது. கால் தசை இழுத்துக்கொண்டு அவன் பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் செய்த முதல் காரியம், போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. முனகல் நின்றுபோனது. அவள் எதிரே முனகக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தான். போர்வைக்குள் கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. தெலேசியா இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. தான் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்குக் கூடுதல் வேதனை என்று புரிந்து வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை வேன் போனது. திரையை மூடினாள். நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்தாள்.

எழவில்லை.

பார்த்ததெல்லாம் கண்ணில் நிற்கிறது. கால் அசையவில்லை. இதைவிடப் பெரிய காரணம் இனி உலகத்தில் எங்கிருந்து வரும் என்று நினைத்தபோது தெலேசியாவுக்கு முதல்முறையாக உண்மையான பயம் வந்தது. தம்பி சாகப்போவது நோயால் இல்லை, இந்த நாற்காலியால் என்று தோன்றியது.

பள்ளியில் கெஞ்சி வேலை நேரத்தை ஒன்பது மணிக்கு மாற்றி வாங்கியிருந்தாள் மாஃபி. சமையலறை நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்ட அவளுக்குத் தெம்பில்லை. கெஞ்சியும் ஆயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், வேறு எதற்காகவும் இல்லை, தன் மனசை ஆற்றிக்கொள்ள, சபையில் பாடுகிற பாட்டு ஒன்றை எடுத்தாள். மெல்லிய குரல். முதல் அடி முடிவதற்குள் நடுங்கி உடையப் பார்த்தது.

கீழ்க்குரல் இல்லாமல் ஒரு பாட்டு அந்தரத்தில் தொங்குவதைத் தெலேசியாவால் பொறுக்க முடியாது. இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டாள். சேரும்போதே எழுந்து நின்றுவிட்டாள். உட்கார்ந்தபடி பாடுகிற வழக்கம் அவர்கள் சபையில் இல்லை. வாய் திறந்தால் கால் தானாக நிமிரும். நான்கு வயதிலிருந்து அப்படி.

மாஃபி பாட்டை நிறுத்தினாள். மதினி நிற்பதைப் பார்த்தாள். தெலேசியாவும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கைகளை எங்கேயும் ஊன்றவில்லை.

"உக்காருங்க," என்றாள் மாஃபி ரகசியம் போல.

உட்கார்ந்தாள். மாஃபி அடுத்த அடியை எடுத்தாள். தெலேசியா எழுந்தாள்.

"என்னடி, என்னை ஏமாத்துறியா?"

"உக்காருங்க மதினி. இன்னும் மூணு சரணம் இருக்கு."

அன்று பதினாறு தடவை எழுந்தாள். பதினேழாவதில் மூச்சுத் திணறி, குரல் நடுவில் முறிந்து, கண்ணில் பூச்சி பறந்து, பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள். மாஃபி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பாட்டு அவளை நாற்காலியை விட்டுக் கிளப்பியது, அவ்வளவுதான். தரையில் படுத்து எழுகிற பயிற்சிக்குப் பாட்டும் உதவவில்லை. முதல் நாள் படுத்தவள் எழ முடியாமல் இருபது நிமிஷம் கிடந்தாள். தூக்கிவிட வந்த மாஃபியும் அவள் மேலேயே விழுந்தாள். கவிழ்ந்த ஆமை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு, "என்னை இப்படியே விட்டுட்டு நீ வேலைக்குப் போ, அவன் வர்றதுக்குள்ள செத்துடுறேன்," என்று தெலேசியா அழுதாள். கடைசியில் புரண்டு, முட்டிபோட்டு, ஜன்னல் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். ஒரு தடவை. ஜன்னலைப் பிடிக்காமல் எழ ஐந்து மாதம் ஆயிற்று.

மாஃபிக்கு உடம்பு சரியில்லாத நாள்களில் தெலேசியா தனியாகப் பாடிப் பார்ப்பாள். பாதி நாள் பலிக்காது. அந்த ஊரில் குளிர்காலமான ஜூலையில் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். ஞாயிறு விருந்துகளின்போது காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து வேகவைத்த முட்டை இரண்டைத் தின்றாள். லூ வாசனை கண்ணாடியைத் தாண்டி வந்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற பெண்கள் விடவில்லை.

"என்ன தெலேசியா, சிட்னிக்காரன் திரும்பி வர்றானா? இடுப்பெல்லாம் எட்டிப் பாக்குது."

"அவன் வந்தா இந்த இடுப்பாலேயே இடிச்சு வெளிய தள்ளுவேன்."

எதிர்வீட்டு சமோவா அம்மா வேலியோரம் மாஃபியை மடக்கினாள். "உங்க வீட்ல வாரத்துல மூணு நாள் காலங்காத்தால ஜெபக்கூட்டமா? பாட்டு நல்லாத்தான் இருக்கு. நடுவுல யாரோ அய்யோ அம்மான்னு கத்துறாங்களே, பேய் ஓட்டுறீங்களா?"

நூற்று இருபத்தேழில் எடை ஏழு வாரம் அசையாமல் நின்றது. நூற்றுப் பதினாலில் மறுபடி நின்றது. அடுத்த வருஷம் ஏப்ரலில் க்ளெனிஸின் மெஷின் நூற்று மூன்று புள்ளி ஆறு காட்டியது. க்ளெனிஸ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகக் கட்டிப்பிடித்தால் கை எட்டாது என்று தான் முயலவே இல்லை என்றாள். தெலேசியா வீட்டுக்கு வந்து மாஃபியின் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றைக்கு மட்டும் அது நல்ல அழுகை.

பிறகு மற்றப் பரிசோதனைகள். இரண்டு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த ரத்தத்தில் கணக்கு எல்லையைத் தாண்டியிருந்தது. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. இந்த நிலையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் பத்து வருஷத்தில் தெலேசியாவும் அதே பதினாறு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வேண்டிவரும். எடுக்க மாட்டோம் என்றார்.

"நூத்தி நாலுன்னு சொன்னீங்களே," என்றாள் தெலேசியா. வேறு எதுவும் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

"இன்னும் குறைச்சுட்டு ஆறேழு மாசம் கழிச்சு வாங்க. திரும்பப் பாக்கலாம். உறுதி குடுக்க முடியாது."

அந்த மாதமே சோசாயாவின் கழுத்துக் குழாயில் சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் ஏறியது. பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். கழுத்தை விட்டுத் தொடையில் குழாய் போட்டு அனுப்பினார்கள். இனி வேறு இடம் இல்லை என்று மாஃபியிடம் தனியாகச் சொன்னார்கள்.

தெலேசியா நாற்காலியைத் தொடவில்லை. மாஃபி பாடினால் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ ஏறியது. ஷிப்ட் போகிற நேரம் தவிர கராஜுக்குள்ளேயே கிடந்தாள்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கராஜ் கதவுக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டது. சோசாயா. அக்கா படுக்கிற இடத்துக்கு அவன் அவ்வளவு கிட்டத்தில் வந்ததே இல்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலியைப் பார்த்தபடி, கைத்தடியை ஊன்றி நின்றான்.

"அக்கா."

"ம்."

"போதும்க்கா."

அவன் கைத்தடியை மாற்றி ஊன்றிக்கொண்டான்.

"நீங்க பட்டது போதும். நான் எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். எதிர்வீட்டம்மா என்கிட்டயும் சொல்லும். என்னால ஒரு வார்த்தை உங்ககிட்டப் பேச முடியல, அதான். நீங்க சாப்பிடுங்க. நல்லா இருங்க. போதகர்கிட்டப் பேசிட்டேன். எனக்கு எந்தப் பாட்டு பாடணும்னுகூடச் சொல்லிட்டேன்."

கட்டில் முனகியது. "எந்தப் பாட்டு?"

அவன் சொன்னான்.

"அது கீழ்க்குரல் இல்லாம நிக்காது."

"அதான் நீங்க இருக்கீங்களே."

"நான் பாட மாட்டேன்."

"அக்கா..."

"பாட மாட்டேன்னா பாட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்க. இந்த ஊர்ல வேற ஆள் கிடையாது." கதவுக்குப் பின்னால் அவள் குரல் கிட்டத்தில் வந்துவிட்டது. "போதும்னு சொல்ல உனக்கு யாருடா உரிமை குடுத்தது? நான் உனக்கு அக்கா. போதுமா போதாதான்னு நான் சொல்லுவேன். நீ போய்ச் சாப்பிட்டு மருந்தைப் போட்டுட்டுப் படு. செத்துக்கித்துத் தொலைச்ச, தெரியும்."

சோசாயா வேலியைப் பார்த்தபடியே நின்றான். அக்கா சொல்லுக்குத் தம்பி மறுசொல் சொல்வதில்லை. "சரிக்கா," என்றான். கைத்தடியைத் தட்டித் தட்டி வீட்டுக்குள் போனான்.

திங்கட்கிழமை வேன் போனதும் தெலேசியா நாற்காலியை எடுத்துப் போட்டாள். மாஃபி வருவதற்குள்ளேயே ஆறு தடவை எழுந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டில்லை, போன் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் தம்பியைத் திட்டிக்கொண்டே எழுந்தாள். எந்தப் பாட்டாம், எந்தப் பாட்டாம், எந்தப் பாட்டாம்.

இந்தக் கோபமும் எல்லா நாளும் வரவில்லை. வந்த நாள் கோபத்தில் செய்தாள், வராத நாள் பாட்டில் செய்தாள், இரண்டும் வராத நாள்களில் மாஃபி தரையில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நீங்க எந்திரிச்சாதான் நானும் எந்திரிப்பேன், எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெலேசியா வேறு வழியில்லாமல் எழுந்தாள். ஒவ்வொரு வேன் சத்தத்துக்கும், இன்றைக்குத் தொடைக் குழாய் ஓடுமா ஓடாதா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மத்தியானம் அவன் திரும்பிப் படியேறிவிட்டான் என்று தெரிந்தால் ஒரு நாள் கிடைத்தது என்று அர்த்தம்.

டிசம்பரில் தொண்ணூற்றாறு கிலோ. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் க்ளெனிஸின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கணக்கு எல்லைக்குள் வந்திருந்தது. டாக்டர் கையைக் கொடுத்தார். அவள் அந்தக் கையைக் குலுக்கக்கூட மறந்து, "எப்ப?" என்று கேட்டாள்.

பிப்ரவரியில் ஆபரேஷன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் நடந்தாள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்குள் வைத்த சிறுநீரகம் வேலை செய்யவில்லை. தூங்குகிறது என்றார்கள் டாக்டர்கள். சில நேரம் தூங்கும், எழுந்துகொள்ளும். சில நேரம் எழாது. சோசாயாவை மறுபடி மெஷினில் போட்டார்கள். அதே தொடைக் குழாய்.

தெலேசியா தினமும் காலையில் மருத்துவமனைக்கு வந்து வார்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தாள். தம்பி நோயாளிச் சட்டையில் அரைகுறையாகக் கிடப்பான் என்பதால் உள்ளே போகவில்லை. வயிற்றுத் தையல் இழுத்தது. எழு என்று எத்தனை மாதம் தன் காலிடம் கெஞ்சினாளோ, அதே மாதிரி இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிற தன் சதையிடம் கெஞ்சினாள். ஆறாம் நாள் போனது. ஏழாம் நாள் போனது. மாஃபி உள்ளேயிருந்து வந்து தலையை ஆட்டுவாள், திரும்பப் போவாள்.

எட்டாம் நாள் பதினோரு மணிவாக்கில் வார்டுக் கதவு தடாரென்று திறந்தது. மாஃபி ஓடி வந்தாள்.

"மதினி! வந்துருச்சு!"

"என்ன வந்துருச்சு?"

மாஃபி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தாள். "அதான்... பையில. நர்ஸ் அளந்தாங்க. முந்நூறு மில்லி!"

"சீ!" தெலேசியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "என் தம்பி சமாச்சாரத்தை என்கிட்டச் சொல்லாத! வெக்கமா இல்ல உனக்கு?"

மாஃபி தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தெலேசியா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"எவ்வளவுன்னு சொன்ன?"

சோசாயா இப்போது பாதி நாள் கிடங்கு வேலைக்குப் போகிறான். அக்காவும் தம்பியும் இன்றுவரை அந்தச் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தெலேசியாவின் எடை மறுபடி நூற்றெட்டுக்கு ஏறிவிட்டது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இது ஆகாது என்று க்ளெனிஸ் மாதம் ஒரு தடவை போன் போட்டுக் கடிந்துகொள்கிறாள். இப்போது வேனும் வருவதில்லை, காரணமும் முன்னைப் போலக் கண்ணெதிரே இல்லை. பயிற்சிக்குச் செவ்வாயும் வியாழனும் என்று முடிவு செய்திருக்கிறாள். போன செவ்வாய் செய்தாள். வியாழக்கிழமை உட்கார்ந்தே இருந்தாள்.